டெல்பின் அழித்த கோடு

துப்பட்டாவின் நுனியை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டு கணினித் திரையை ஒருமுறை துடைப்பார் டெல்பின். படத்தில் தெரிந்த புள்ளி மறைந்தால் அது திரையின் தூசு. மறையாவிட்டால் படத்தின் குறை. "போவலியா? அப்ப வா, உன்ன கவனிச்சிக்கிறேன்" என்று அதனிடமே சொல்லிவிட்டு நான்கே சொடுக்கில் தடமின்றி அழித்துவிடுவார். லஸ் முனைக்கு அருகே அய்யாதுரை நடத்தும் அச்சகத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக இதுவே அவருடைய வேலை.

வயது ஐம்பத்து மூன்று, வீடு சாந்தோமில். காலைப் பூசை முடிந்ததும் நேராக வந்துவிடுவார். மூக்குக்கண்ணாடி இரண்டு உண்டு. ஒன்று கண்ணில் இருக்கும். தலைமேல் ஏற்றிவிட்ட மற்றொன்றை நாள்தோறும் தேடுவார். மணமகளின் கன்னத்துப் பரு, மாமனார் சட்டையின் சாம்பார்க் கறை, பழைய படத்தின் பூஞ்சணம் எதுவும் அவருக்குத் தப்பாது. "கல்யாணத்துக்கு வந்த பருவு ஆல்பத்துக்கும் வரணுமா இன்னா?" என்பார். "அக்கா கண்ணுக்குத் தப்பி ஒரு தூசி வெளிய போவாது, பாத்துக்கிடுங்க" என்பது வாடிக்கையாளர்களிடம் அய்யாதுரை தரும் உறுதிமொழி.

சென்ற மாதம், அடையாற்றில் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் ஹம்சா, கண்காட்சிக்காக ஆறடியில் அச்சிட ஒரு படம் கொடுத்துப் போனார். கரிய வெளியில், மஞ்சள் பனி திரண்டாற்போல ஓர் ஒளியுருண்டை. அதன் நடுவிலிருந்து வெளிநோக்கி, நூல் பிடித்தாற்போல நீலமாய் ஒரு கோடு. டெல்பின் திரையைத் துடைத்தார். கோடு போகவில்லை. இயற்கை எதையும் நேராக வரைவதில்லை. நேர்கோடு என்றால் மடிப்பு, அல்லது கீறல். தொழில் தந்த அந்த அறிவின்படி அதை அழித்து, வழக்கம்போல மூலப்படத்தின் மேலேயே சேமித்தும் வைத்தார்.

மறுநாள் மாலை ஹம்சா வந்தார். தரையில் விரித்திருந்த படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"அக்கா, இதுல ஒரு கோடு இருந்துச்சே?"

"கீறல் மேடம். தடமே தெரியாம எடுத்துட்டேன்."

"அந்தக் கோட்டைக் காட்டத்தான் கண்காட்சியே, அக்கா. நாளைக்குக் காலைல பத்து மணிக்குத் திறப்பு."

"இருவத்தாறு வருசத்துல மொத கம்ப்ளைண்டு," என்றார் அய்யாதுரை. "அதுவும் வானத்துல இருந்துல்லா வந்திருக்கு."

டெல்பின் சிரிக்கவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு ஹம்சாவை உட்காரச் சொன்னார். "அது இன்னான்னு சொல்லிட்டுப் போங்க."

"இது ஒரு விண்மீன் மண்டலம், அக்கா. இதோட வெளிச்சம் நம்மகிட்ட வர அஞ்சரைக் கோடி வருஷம் ஆகுது. நடுவுல ஒரு கருந்துளை. எடையில அறுநூத்தம்பது கோடி சூரியனுக்குச் சமம். உள்ள போனது திரும்பாது. விழப்போறதுல கொஞ்சத்த மட்டும் வெளிய பீய்ச்சி அடிக்குது. அந்தப் பீய்ச்சல்தான் கோடு. அதோட ஒரு முனையிலேர்ந்து மறு முனைக்கு வெளிச்சம் போகவே அஞ்சாயிரம் வருஷம் வேணும்."

"ஏசு பொறந்தே ரெண்டாயிரந்தான் ஆவுது," என்றார் டெல்பின் மெதுவாக. "அத்தப் போயி நாலு கிளிக்குல…" பிறகு, "எல்லாத்தையும் முழுங்குறது, இவ்ளோ நேரா எப்டி வுடுது மேடம்?"

"அது எங்களுக்கே இன்னும் முழுசாத் தெரியாது, அக்கா."

எந்தக் கறைக்கும் காரணம் சொல்லக்கூடிய டெல்பின், மீண்டும் குனிந்து கோடு இருந்த இடத்தைப் பார்த்தார்.

ஹம்சா கைப்பேசியிலிருந்து படத்தை மீண்டும் அனுப்பினார். டெல்பின் திரையைத் துடைக்காமலே அதை அச்சுக்கு விட்டார். பிறகு, தேநீரை மறந்து, இயந்திரத்தின் அருகிலேயே நின்றார். அச்சுமுனை இடமும் வலமுமாக ஓட ஓட, மயிரிழை மயிரிழையாக நீலம் வளர்ந்தது. அவருடைய உதடுகள் செபம் சொல்வதுபோல அசைந்தன.

தரையில் விரித்த புதுப் படத்தின் மேல் குனிந்த அய்யாதுரை, "யக்கா, கோட்டு மேல ஒரு தூசி" என்றார்.

பழக்கத்தில் துப்பட்டா விரலைச் சுற்றிக்கொண்டது. விரல் கோட்டுக்கு ஓர் அங்குலம் மேலே வந்து நின்றது. டெல்பின் துணியை அவிழ்த்துத் தோளில் போட்டார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மண்டியிட்டார். கோட்டின் மேல் மெல்ல ஊதினார்.