பாதியில் நிறுத்திய ரேடியோ

அறுபதுகளில் நெய்வேலியில், எங்கள் குடியிருப்பு பிளாக்கின் கிளப் ரேடியோ என் பொறுப்பில் இருந்தது. ஞாயிறு பிற்பகல் சிறுவர் நிகழ்ச்சி கேட்க, நிரந்தர ஊழியர்களின் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் கூடுவார்கள். கான்ட்ராக்ட் தொழிலாளர்களின் பிள்ளைகளை நான் உள்ளே விடுவதில்லை. எவரும் சொல்லாமல் நானே போட்ட விதி அது.

ஒருநாள் வேலிக்கு வெளியே சில பிள்ளைகளோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் கான்ட்ராக்ட் தொழிலாளி ஒருவரின் மகள் அஞ்சலை. பத்து வயதிருக்கும். "பர்மனென்ட் ஆளுங்க பிள்ளைகளுக்குத்தான் ரேடியோ. போ!" என்றேன்.

"காதுலகூட பர்மனென்ட், கான்ட்ராக்ட் இருக்குதுங்களா சார்? நாங்க ரோட்டுலதான நின்னுகினு இருக்கோம்?"

உள்ளே பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். ஆத்திரத்தில் ரேடியோவை நிறுத்தினேன். கிணற்றில் விழுந்த யானைக்குட்டியின் கதை பாதியில் நின்றது.

"அவரு நிறுத்தினா கத நின்னுடுமா? அப்புறம் யானக்குட்டி என்னா பண்ணுச்சி தெரியுமா?" என்று உரக்கத் தொடர்ந்தாள் அஞ்சலை. உள்ளிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வேலியோரம் போனார்கள். என் மகளும் போனாள்.

வெறும் கூடத்தில் நின்று நானும் கேட்டேன். அஞ்சலையின் கதையில் யானைக்குட்டியை யாரும் தூக்கிவிடவில்லை. மண்ணைச் சரித்து, மிதித்து, தானே மேலேறி வந்தது.

மறுவாரம் கதவை எல்லோருக்கும் திறந்து வைத்தேன். அவள் வரவில்லை. நானும் போய் மன்னிப்புக் கேட்கவில்லை. ரேடியோ சொல்லவிருந்த முடிவு இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வேண்டாம்.