இரண்டு முறை எரிந்த மலை

அலுவலகத்தில் அவருக்குக் கழுகு என்று பெயர். வனத்துறையில், செயற்கைக்கோள் படங்களை வைத்துக் காட்டைக் கணக்கிடுவது அவர் வேலை. பார்வை கூர்மை என்பதால் வந்த பெயரல்ல. மேலேயே சுற்றுவார், கீழே இறங்கமாட்டார். பால்கனித் தொட்டியில் செடி வாடினால்கூட மனைவி சொல்லித்தான் அவருக்குத் தெரியும்.

மனைவிக்கு அதே துறையின் நர்சரியில் வேலை. போன கோடையில் எரிந்துபோன மலைக்காக மரக்கன்றுகள் வளர்த்துக்கொண்டிருந்தாள். எந்தக் கன்று எந்தச் சரிவுக்கு என்று மனசுக்குள் நட்டே முடித்திருந்தாள்.

மலை எவ்வளவு தேறியிருக்கிறது என்று அதிகாரி கேட்டார். எரிவதற்கு முந்தைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிட வேண்டும். கழுகு கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டார். முந்தையது கொளுத்தும் வெயிலில் எடுத்தது. புதியது மழை கொட்டித் தீர்த்த மறுவாரம் எடுத்தது. கம்ப்யூட்டருக்குப் புல்லும் பச்சை, மரமும் பச்சை. எரிவதற்கு முன்பு இருந்ததைவிடக் காடு செழித்திருப்பதாகக் கணக்கு வந்தது. தீ வைத்தால் காடு வளரும் என்று கண்டுபிடித்த பெருமை அவரையே சேரும். அதிகாரிக்கு வாயெல்லாம் பல். இனிக் கன்றுகள் வேண்டாம், அடுத்த கோடை முடிந்ததும் நர்சரியை மூடலாம் என்று உத்தரவு போட்டார்.

"புல்லைப் பாத்துட்டு மரம்னு எழுதியிருக்கீங்க. என் கன்னெல்லாம் பையிலயே சாகப்போகுது," என்றாள் மனைவி. அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். திட்டித் தீர்த்திருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கழுகுக்கு நெஞ்சு உறுத்தியது. கோடைப் படத்துக்காகக் காத்திருந்தார். வந்ததும் பார்த்தால், புல் காய்ந்து மலை மொட்டையாகக் கிடந்தது. அதிகாரியிடம் ஓடினார்.

"ஐயா, நான் போட்ட கணக்கு தப்பு. மலை தேறவே இல்ல."

"தேறிடுச்சுன்னு நான் கையெழுத்துப் போட்டு மேல அனுப்பியாச்சே. அது எப்படித் தப்பாகும்?" அதிகாரி படத்தை உற்றுப் பார்த்தார். "தேறின காடு இப்பக் காணோம்னா, மறுபடியும் எரிஞ்சிருக்குன்னு அர்த்தம். சேதத்தைக் கணக்குப் போடுங்க."

கழுகு மறுத்துப் பேச வாயைத் திறந்தார். மலை எரிந்தால் கன்று நட்டே ஆகவேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டார். பற்றவே பற்றாத தீக்குப் படத்தில் சிவப்பில் எல்லை போட்டார். நர்சரி தப்பித்தது.

மறுவாரம் மனைவி தட்டை வைத்துவிட்டு, வெகுநாளைக்குப் பிறகு வாயைத் திறந்தாள்.

"மலைக்கு யாரு ரெண்டாவது தடவை தீ வச்சதுன்னு நர்சரிக்கு வந்து விசாரிச்சாங்க. நாளைக்கும் வருவாங்களாம். வீட்டுல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்காருன்னு சொல்லிடவா?"