பெரியப்பாவின் ஸ்டியரிங்

இத்தாலியில், பலெர்மோவை ஒட்டிய ஸ்ஃபெர்ராகவால்லோவில், அண்ணன், அதாவது பெரியப்பாவின் மகன், பழைய ஃபியட் கார் ஒன்றை வாங்கியிருந்தார். நான் போனபோது, அதன் ஸ்டியரிங்கில் இருந்த வெடிப்புகளைப் பசையால் அடைத்துத் தேய்த்து, பெற்றோல் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த மணம் மூக்கில் ஏறியதும் எனக்கு ஊர் நினைவு வந்தது.

மன்னாரில் பெரியப்பாவும் காலையில் தன் காரின் ஸ்டியரிங்கை இப்படித்தான் துடைப்பார். நாங்கள் கண்ணாடியில் மூச்சுப் பட நின்றாலே கத்துவார். ஒருநாள் தம்பிக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தது. அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு பெரியப்பாவிடம் ஓடினார்.

"அத்தான், ஆஸ்பத்திரிவரைக்கும் ஒருக்கா..."

"சீட்டிலை சத்தி எடுத்து நாறடிப்பான். பஸ்ஸிலை கொண்டு போ," என்றார் பெரியப்பா. துடைப்பதை நிறுத்தவும் இல்லை.

பஸ் வரத் தாமதமானது. தம்பி பிழைத்தான். ஆனால் காது இரண்டும் கேட்காமல் போய்விட்டன.

"ஞாயிறு பூசைக்கு எல்லாரும் இதிலை போவம், தங்கச்சி," என்றார் அண்ணன், ஃபியட்டின் ஸ்டியரிங்கைத் துடைத்தபடி.

"உங்கடை அப்பா தம்பியைக் காரிலை ஏத்தேல்லை. தெரியுமோ?"

"ஓம், தெரியும். அப்ப சீட் உறை புதுசெல்லோ," என்றார், தலை நிமிராமலே.

அவர் மனைவி ஊற்றி வைத்த தேநீரைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன். அதன் பிறகு அண்ணன் அழைத்தால் நான் போனை எடுப்பதில்லை.