எந்நாளும் விரதம்

கிள்ளானில் எங்கள் கூட்டத்துப் பையன்களிலேயே பெரிய பக்திமான் நான்தான். தைப்பூசத்துக்குக் காவடி, ஆடியில் மாரியம்மனுக்குத் தீமிதி, புரட்டாசி முழுக்கப் பெருமாள், கார்த்திகை பிறந்தால் ஐயப்பனுக்கு மாலை. இடையில் பங்குனி உத்திரத்தையும் விடுவதில்லை. பையன்கள் என்னைச் "சாமி" என்றே கூப்பிட்டார்கள், விரதம் இல்லாத நாளிலும். அப்படிப்பட்ட நாள் எனக்கு அதிகம் இருந்ததில்லை என்பது வேறு விஷயம்.

அந்த பக்தி பொய்யில்லை. ஆனால் வெறும் பக்தி என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். விரதம் இருப்பவன் பெண் பக்கம் போகக் கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு விதிதான்.

எண்பதுகளில் நடந்த கதை இது. நாங்கள் வேலை செய்த ரப்பர் தோட்டத்தை விற்றுவிட்டார்கள் என்று எங்களை ஒருநாள் வெளியே அனுப்பினார்கள். எங்கள் குடும்பம் கிள்ளானுக்கு வந்து, பலகை வீடுகள் நெருக்கியடித்த ஒரு கம்பத்துக் குடியிருப்பில் ஒண்டியது. அங்கே எந்தக் கூட்டத்திலும் சேராத பையனை எல்லாக் கூட்டமும் அடிக்கும். ஒருவரிடம் மட்டும் அடி வாங்கலாமே என்று நான் ஒன்றில் சேர்ந்தேன். தலைவரை எல்லாரும் அண்ணன் என்போம். வீடியோ கடை, டாக்சி ஸ்டாண்டு எல்லாம் அவர் கணக்கு. அடுத்த கூட்டத்துக்காரன் எல்லை தாண்டினால் பாராங் கத்தி பேசும்.

சண்டையில் ஜெயித்துவிட்டால் அண்ணன் பையன்களை வேனில் ஏற்றி பிரிக்பீல்ட்ஸுக்குக் கூட்டிப்போவார். ஒரு பின்சந்தில் மாடியறைகள் இருந்தன. "போங்கடா, போய் ஆம்பளைங்களா திரும்பி வாங்க" என்பார். எல்லாரும் தடதடவென்று படியேறுவார்கள். நான் கீழே வேனில் சாய்ந்துகொண்டு பால் இல்லாத தேநீர் குடிப்பேன். அண்ணன் என்னைப் பார்த்துத் தலையாட்டுவார், மெச்சுகிற தலையாட்டல். எனக்குத் தொடை நடுங்கிக்கொண்டிருக்கும்.

ஏன் நடுங்கினேன் என்று கேட்பவர்களுக்கு அந்தத் தையல் கடைக்காரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கம்பத்துக்கு எதிர்ச்சாரியில் தைத்துக்கொண்டிருந்தவன். நடை கொஞ்சம் குழைவு, பேச்சு கொஞ்சம் இழுவை. யாரோ ஒரு ஆணோடு அவனைப் பார்த்ததாகப் பேச்சு வந்தது. யார் பார்த்தார்கள், எங்கே பார்த்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. பட்டப்பகலில் அவனைக் கடைக்குப் பின்னால் இழுத்துப் போனார்கள். "பொண்டான்" என்று, பெண்சாயல் உள்ள ஆணைத் திட்டும் அந்தச் சொல்லை, கத்திக் கத்தி அடித்தார்கள். தீமிதிக்குக் காப்புக் கட்டியிருந்த என்னை, "சாமி கையில ரத்தம் படக் கூடாது லா" என்று மோட்டார் சைக்கிள்களுக்குக் காவலாக நிறுத்தினார்கள். தாடை உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவன் அம்மா அவனை ஜெஞ்சாரோமில் இருந்த உறவுக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோனதாகப் பிறகு தெரிந்தது.

அடித்த கையோடு பையன்கள் ரொட்டி சானாய் சாப்பிடப் போனார்கள். நானும் போனேன். விரதம் என்பதால் எனக்குப் பருப்புக் கறி மட்டும்.

அதற்குப் பிறகு நான் என்னையே காவல் காக்கத் தொடங்கினேன். கையை ஆட்டிப் பேசுவதை நிறுத்தினேன். சிரிப்பை உதட்டோடு வைத்தேன். உட்காரும்போது காலை அகட்டி, நடக்கும்போது தோளை விரித்து. பெண்கள் கடந்து போனால் மற்றவர்களைவிடக் கொஞ்சம் முன்னால் திரும்பிப் பார்த்து, "ஐயோ, விரதம் இல்லன்னா" என்று பெருமூச்சு விடுவேன். சிரிப்பு வரும். என் பெருமூச்சுக்கு நல்ல பேர் இருந்தது.

இதில் ஒரு வம்பை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. கூட்டத்தில் லோரி ஓட்டுகிறவன் ஒருவன் இருந்தான். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவன், அதிகம் பேசமாட்டான். துறைமுகத்திலிருந்து ஃபேக்டரிகளுக்குச் சாமான் ஏற்றுவான். நான் அவனோடு கூடவே போய்ச் சாமான் இறக்குகிற கிளிண்டான். அவன் அப்பா பத்துமலையில் பக்தர்களுக்கு அலகு குத்தியவர். அவரிடமிருந்து அந்தக் கைப்பழக்கம் மகனுக்கும் வந்திருந்தது. தைப்பூசத்தன்று எங்கள் கூட்டத்தில் காவடி எடுக்கிறவர்களுக்கெல்லாம் அவன்தான் குத்துவான்.

ஆற்றங்கரையில் ஈர வேட்டியோடு நான் நிற்பேன். திருநீறு பூசிய கையை என் முதுகில் வைத்து அவன் தடவிப் பார்ப்பான், எந்த இடத்தில் சதை பிடிக்கும் என்று. "மூச்ச இழு. கண்ண மூடாத. இப்ப விடு." கொக்கி ஏறும். ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு எலுமிச்சம் பழம். ஆயிரம் பேர் சுற்றி நிற்க, உறுமி அடித்துக்கொண்டிருக்க, அவன் கை என் மேல் இருந்தது. எனக்குக் கண் கலங்கும், உதடு துடிக்கும். என் முகத்தில் வந்ததை எல்லாரும் அருள் என்றார்கள். முருகன் என்னை மன்னிக்கட்டும், நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

அவன் மனசு எனக்கு ஒரு மழை மதியத்தில் தெரிந்தது. சுங்கை வேயில் ஒரு ஃபேக்டரி வாசலில், மழை விட்டால்தான் சாமான் இறக்கலாம் என்று லோரிக்குள் உட்கார்ந்திருந்தோம். கண்ணாடி முழுக்க ஆவி படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. என் கை சீட்டில் கிடந்தது. அவன் தன் கையை அதன் மேல் வைத்தான். நான் இழுக்கவில்லை. மழை விடும்வரை இருவரும் ரோட்டைப் பார்ப்பதுபோலவே உட்கார்ந்திருந்தோம். பிறகு இறங்கி மூட்டை தூக்கினோம். இரண்டு வருஷம் எங்களுக்குள் இருந்தது அவ்வளவுதான். அதற்குப் பெயர் வைக்க இருவருக்கும் பயம். இருந்தாலும் சந்தோஷமாக இருந்தேன். இல்லையென்று சொன்னால் அவனுக்குத் துரோகம்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் என் தோளில் கை போட்டார். ரயில் தண்டவாளத்தை ஒட்டி எங்கள் கூட்டத்து முனீஸ்வரர் கோயில் இருந்தது. நாலு தூண், ஒரு தகரக் கூரை, அவ்வளவுதான். பூஜை முடிந்திருந்தது.

"என் தங்கச்சிய உனக்குக் கட்டிக் குடுக்கலாம்னு பாக்கறேன்டா."

கையிலிருந்த திருநீற்றுத் தட்டைக் கீழே வைத்தேன்.

"நீ குடிக்கறதில்ல. பொம்பள பக்கம் போறதில்ல. இந்தக் கூட்டத்துல மனுசன்னு சொன்னா நீ ஒருத்தன்தான். இந்தக் காலிப் பயலுங்க எவனுக்காச்சும் நான் பொண்ணு குடுப்பேனா, சொல்லு?"

ஒளிய இடம் தேடிப் புலியின் குகைக்குள்ளேயே புகுந்திருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. அவர் தங்கை எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் வேலை செய்த பெண், நாங்கள் வாசலுக்குப் போனால் சிரித்துத் தண்ணீர் கொடுக்கும். என்னைப்போல ஒருவன் தலையில் விழ அது ஒரு பாவமும் செய்யவில்லை. மறுத்தால் அண்ணன் ஏன் என்று கேட்பார். அந்த ஏனுக்கு என்னிடம் இருந்த பதில் ஒன்றுதான். அந்தப் பதிலுக்கு என்ன நடக்கும் என்பதைத் தையல் கடைக்குப் பின்னால் கேட்டிருக்கிறேன்.

"தைப்பூச விரதம்ண்ணே. முடியட்டும்" என்றேன். முடிந்தது. பங்குனி உத்திரம் என்றேன். அதுவும் முடிந்தது. "அடுத்து என்ன சாமிடா வச்சிருக்க?" என்று அண்ணன் கேட்டபோது பையன்கள் சிரித்தார்கள். அதில் ஒருவன், "சாமிக்குப் பொம்பளன்னாலே ஆவாது போல லா" என்றான். அதற்கும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார், முகத்திலிருந்து காலுக்கு, காலிலிருந்து முகத்துக்கு. என் கை எப்படி இருக்கிறது, நான் எப்படி நிற்கிறேன் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"ஞாயித்துக்கெழம கோயிலுக்கு வா" என்றார். "ஒன்னு, உனக்கு வேற ஒருத்தி இருக்கணும். இல்லன்னா..."

மிச்சத்தை அவர் சொல்லவில்லை. ஓடிப்போகலாம் என்றால் கம்பத்தில் அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். லோரியில் போகும்போது அவனிடம் எல்லாம் சொன்னேன். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "இருக்குன்னு சொல்லிடு. எவளாச்சும் ஒருத்தின்னு சொல்லிடு" என்றான். "கற்பூரம் அடிக்கச் சொல்வாரு" என்றேன். அவன் கியரை மாற்றினான்.

எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொல்கிற சத்தியம் அது. அதில் பொய் சொன்னவன் உருப்பட்டதில்லை என்று நாங்கள் எல்லாரும் நம்பினோம். திருடுவோம், வெட்டுவோம், போலீசிடம் வாய் கூசாமல் பொய் சொல்வோம். முனியிடம் மட்டும் மாட்டோம். சிரிக்காதீர்கள், நான் இன்றைக்கும் நம்புகிறவன்.

ஞாயிறு வெயில் தகரத்தில் கொதித்தது. எல்லாரும் வந்திருந்தார்கள். அண்ணன் தட்டில் கற்பூரத்தை ஏற்றி என் முன்னால் நீட்டினார்.

"அடிச்சுச் சொல்லு. வேற ஒருத்தி இருக்காளா?"

இருக்கிறாள் என்றால் பிழைத்துக்கொள்வேன், ஆனால் அது முனியின் முகத்தில் சொல்கிற பொய். இல்லை என்பதுதான் உண்மை, அந்த உண்மைக்குப் பின்னால் அண்ணன் சொல்லாமல் விட்ட மிச்சம் நின்றது. என் கை எழவில்லை. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. அண்ணன் முகம் மெல்ல மெல்ல மாறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கண்டுபிடித்துவிட்டார், இன்றோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

தட்டில் ஒரு கை விழுந்தது. என் கையில்லை.

"இருக்காண்ணே" என்றான் அவன். உள்ளங்கையில் கரி. "சுங்கை வேயில ஒரு சீனப் பொண்ணு, ஃபேக்டரில வேல செய்யறா. லோரில போறப்ப நானே பாத்திருக்கேன். உங்களுக்குப் பயந்துக்கிட்டு வாயத் தொறக்க மாட்டேங்கறான்."

அலகு குத்துகிற பரம்பரையில் வந்தவன் அவன். என்னைவிட முனிக்குப் பயந்தவன். அந்த வாய்தான் அதைச் சொன்னது.

அண்ணனுக்கு வந்த கோபத்தில் ஒரு நிம்மதியும் இருந்ததை நான் பார்த்தேன். வேறு மாதிரிக் கோபத்துக்குத் தயாராகி வந்தவர் இந்தக் கோபத்துக்கு இறங்கிக்கொண்டார். "விரதம்னு சொல்லி சாமியவே ஏமாத்திருக்கியேடா!" என்று என்னை அறைந்தார். பிறகு அவனைப் பார்த்து, "நீதான இத்தன நாள் மறச்ச. நீயே ஆரம்பி" என்றார்.

குறைத்து அடித்தால் இரண்டு பேரும் செத்தோம். அவனுக்கும் அது தெரியும். அவன் குறைக்கவில்லை. என் தோள்பட்டை எலும்பு போனது அவன் அடியில்தான். மற்றவர்கள் அடித்தது எனக்கு நினைவில்லை. ஒரு பெண்ணைக் காதலித்த குற்றத்துக்காகக் கிள்ளானை விட்டே துரத்தப்பட்டேன். என்னைப் போன்றவனுக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடைத்திருக்காது.

பிரிக்பீல்ட்ஸில் சித்தப்பாவின் ரயில்வே குவார்ட்டர்ஸில் கிடந்து தேறினேன். பங்சாரில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் வேலை கிடைத்தது. அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப வழியில்லை, சொன்னால் அவன் செய்ததெல்லாம் வீண். அந்தப் பொய்ச் சத்தியத்துக்கு முனி அவனை என்ன செய்வாரோ என்று மட்டும் பயந்துகொண்டிருந்தேன். லோரி விபத்து என்று யாராவது பேசினால் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பேன்.

அடுத்த வருஷம் கிள்ளான் பக்கத்து லோரிக்காரர் ஒருவர் சாப்பிட வந்தார். இலையில் சாம்பார் ஊற்றிக்கொண்டே அவனைப் பற்றி விசாரித்தேன்.

"அவனுக்கென்ன, அண்ணனோட மச்சானாயிட்டான்ல" என்றார் அவர். "சாமி முன்னாடி உண்மையப் பேசற ஆளு இந்தக் காலத்துல எங்க கெடைக்கிறான், அதான் என் தங்கச்சிய அவனுக்கே குடுத்துட்டேன்னு அண்ணன் எல்லார்கிட்டயும் சொல்றாரு. அங்கயே, அண்ணன் வீட்டுலயே தடுத்து ஒரு ரூம் போட்டுக் குடுத்திருக்காரு."

"சந்தோஷம்ண்ணே" என்று சொல்லி அவருக்கு மறுசோறு போட்டேன்.

எனக்கு அந்த வீடு தெரியும், தடுப்பெல்லாம் ஒற்றைப் பலகை. அவனையும் தெரியும். லோரியில் மதியம் கண்ணயர்ந்தால் தூக்கத்தில் பேசுகிறவன் அவன். அதில் பலமுறை என் பெயரைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பலகைக்கு அந்தப் பக்கம்தான் அண்ணன் படுப்பார்.