தகரக் கூரைக்கு நான் வைத்த பெயர்

போன கிழமை வெள்ளவத்தையில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் நின்றேன். ஒரு சான்றிதழுக்குப் பிளாஸ்டிக் போர்த்தக் கொடுத்திருந்தேன். இயந்திரத்திலிருந்து அந்தச் சூட்டு வாசம் வந்ததும் எனக்குக் கால் தரிக்கவில்லை. "ரெண்டு நிமிசம் மிஸ்" என்றார் கடைக்காரர். அதற்குள் கடை வாசலுக்கும் பஸ் தரிப்பிடத்துக்குமாக மூன்று தடவை நடந்துவிட்டேன். எனக்கு அந்த வாசம் என்றால் மாத்தளை. அதோடு கொஞ்சம் கராம்பும் சேர்ந்தால் முழு மாத்தளை.

கராம்பு ஏன் என்று கேட்பீர்கள். நான் முதன்முதலில் வேலைக்குப் போன இடம் ஒரு வாசனைத்திரவியக் கடையின் மேல்மாடி. கீழே மூட்டை மூட்டையாக மிளகு, கராம்பு, சாதிக்காய். மேலே இரண்டு கணினி, மூன்று கதிரை, வரைபடம் அச்சடிக்க ஒரு பழைய பெரிய பிளொட்டர், அச்சான படத்துக்குப் பிளாஸ்டிக் போர்த்த ஒரு மெஷின். எல்லாம் எங்கள் முதலாளி நவாஸ் நானாவுடையவை; ஊர் முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். கட்டாரில் நில அளவைக்காரர்களுக்குக் கருவி தூக்கப் போய், கடைசியில் அவர்களுடைய கணினி முன்னாலேயே உட்காரப் பழகி, ஊருக்குத் திரும்பிக் கடை போட்டவர். 'புவியியல் தகவல் முறைமைச் சேவைகள்' என்று பலகை தொங்கியது. மிளகு விற்க வந்தவர்கள் அதை வாசித்துவிட்டு மேலே ஏறி வந்து, இது சாதகம் பார்க்கிற இடமா என்று கேட்டதுண்டு.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. என் அம்மாவே கோவிலில் யாராவது விசாரித்தால், "மக கம்பியூட்டர்ல ரோட்டுப் போடுறா" என்பார். ஊரின் படத்தை விரித்து, அதன்மேல் வீடுகளுக்கு ஒரு கண்ணாடித் தாள், ஓடைகளுக்கு ஒன்று, நோய்க்கு ஒன்று என்று அடுக்கிப் பார்த்தால் எது எதைத் தொடுகிறது என்று தெரியும் அல்லவா? அதுதான் எங்கள் தொழில்.

யார்தான் வரவில்லை? டெங்குக் காய்ச்சல் வந்த வீடுகளுக்குப் புள்ளி வைக்கச் சொல்லி ஒரு டொக்டர் வந்தார். புள்ளிகள் போய் ஒரு பழைய டயர்க் குவியலைச் சுற்றி மொய்த்தன. கம்பஸில் வரலாறு படித்த ஒரு பெண், தம்புள்ளைப் பக்கம் தூர்ந்துபோன குளங்களை, வானத்திலிருந்து எடுத்த செய்மதிப் படத்தில் தேடினாள். மூன்று நாள் கண்ணைக் கசக்கி நாங்கள் கண்டுபிடித்த முதலாவது அணைக்கட்டு, ஏதோவொரு பள்ளிக்கூட விளையாட்டு மைதானத்தின் வரம்பு. கலேவெலப் பக்கத்து விவசாயிகளுக்கு யானை வருகிற வழி வேண்டும். மரக்கறி லொறி முதலாளிக்கு எண்ணெய் மிச்சமாகும் வழி வேண்டும். கோவில்காரர்களுக்குத் தேரோடும் தெருவில் மின்கம்பி எங்கே தாழ்ந்து கிடக்கிறது என்று தெரியவேண்டும். ஒரே திரை. காலையில் கொசு, மத்தியானம் யானை, பின்னேரம் தேர்.

இப்படி மாறி மாறி வந்ததால்தான் நான் அங்கே நிலைத்தேன். எனக்கு ஒன்றில் மனம் ஊன்றாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து யன்னலுக்குப் போவேன், கீழே போவேன், மிளகைக் கையால் அளைவேன், திரும்ப வருவேன். நானா கண்ணாடிக்கு மேலால் பார்ப்பார். "என்ன புள்ள, கதிரையில முள்ளா ஈக்கிது?"

முள் என்னிடம்தான் இருந்தது. ஆனால் வேலையில் வேகம். படத்தில் தெரிகிற கூரைகளைச் சுற்றிக் கோடு போடுவதில் ஒரு நாளில் என்னை யாரும் மிஞ்சமாட்டார்கள். அந்தப் பெருமை வேறு.

அப்போதுதான் அரசாங்கத்தின் மண்சரிவு வேலை வந்தது. ரத்தோட்டைக்கு மேலே உள்ள மலைச்சரிவுகளில், செய்மதிப் படத்தைப் பார்த்து ஒவ்வொரு கூரையையும் சுற்றிக் கோடு போடவேண்டும். அது வீடா, கடையா, தொழிற்சாலையா, மாட்டுப்பட்டியா என்று குறிக்கவேண்டும். ஆபத்தான சரிவில் வீடு இருந்தால் படத்தில் சிவப்பாகிவிடும். சந்தேகமான கூரைகளை நேரில் போய்ப் பார்த்து வரவேண்டும் என்று நானா சொல்லியிருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு தோட்டத்தின் ஓரத்தில் நீளமான ஒரு தகரக் கூரை அகப்பட்டது. முன்னால் வேலி அடைத்த ஒரு சதுரம். பக்கத்தில் கறுப்பாக ஒரு குவியல். பாதையும் சரியாகத் தெரியவில்லை. சந்தேகம் வரத்தான் செய்தது. ஆனால் பெரியம்மா மகளோடு கண்டிக்குப் போய்ச் சேலை எடுக்கவேண்டும், அவள் கீழே வந்து காத்திருக்கிறாள். 'மாட்டுப்பட்டி' என்று அடித்துவிட்டு இறங்கினேன். கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சேலை எடுத்தோம். அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

படம் போய்ச் சேர்ந்தது. அடுத்த மழைக்காலமும் வந்தது. ஐந்தாறு நாளாக விடாத மழை. பகல் பதினொரு மணிபோல ஒரு பெண் படியேறி வந்தார். நாற்பது வயதிருக்கும். சேலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. உட்காரச் சொன்னேன்.

"வேணாம் தங்கச்சி, கதிர நனைஞ்சிரும்" என்றார். பெயர் புஷ்பம், லயம் என்கிற தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் இருந்து தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர். "ஸ்கூல் செவுத்துல படம் ஒட்டியிருக்காங்க. அதுல செவப்பா இருக்கிற வீட்டு ஆளுங்கள எல்லாம் ஸ்கூல்ல வந்து தங்கச் சொன்னாங்க. நாங்களும் புள்ளகுட்டிகளோட போனோம். ஒங்க லயம் லிஸ்டுல இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. படத்து மூலையில ஒங்க கட பேரு இருந்துச்சு. அதான் வந்தேன்."

தோட்டத்தின் பெயரைச் சொன்னார். திரையில் தேடினேன். கோவில் எங்கே, தண்ணீர்ப் பீலி எங்கே என்று சொல்லச் சொல்ல அம்புக்குறியை நகர்த்தினேன். "இந்தா, இதுதான்" என்று விரலை வைத்தார். அழுத்தினேன். ஒரு சின்னப் பெட்டி திறந்தது. மாட்டுப்பட்டி. பக்கத்தில் என் பெயரின் முதலெழுத்து. எல்லாம் ஆங்கிலத்தில்.

"என்னம்மா போட்டிருக்கு?"

சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தானே. "கொஞ்சம் பாக்கணும் அக்கா. நாளைக்குச் சொல்றேன்" என்றேன்.

"நாளைக்கா?" என்றார். யன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தார். பிறகு இறங்கிப் போனார். அவர் நின்ற இடத்தில் ஒரு சின்னக் குளம்.

நானா குருநாகலுக்குப் போயிருந்தார். அந்த மூன்று மணித்தியாலம் நான் பட்ட பாடு! உட்காருவேன், எழும்புவேன். பெட்டியைத் திறப்பேன், மூடுவேன். 'வீடு' என்று மாற்றினேன். கூரை சட்டென்று சிவந்தது. கணினியில் சிவந்து யாருக்கு என்ன? படம் பள்ளிச் சுவரில் அல்லவா இருக்கிறது.

இரண்டு மணிக்கு நானா வந்ததும் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்தப் பொம்புள எத்தின மணிக்கு வந்த?"

"பதினொரு மணிக்கு."

"இப்ப ரெண்டு."

அவ்வளவுதான் சொன்னார். அதைவிட நாலு அறை விட்டிருக்கலாம். பட்டியலுக்குப் பொறுப்பானவர்களைத் தொலைபேசியில் பிடித்தார். அடுத்த கிழமை திருத்தலாம் என்றார்களாம். "மழ அடுத்த கெழம மட்டும் பாத்துட்டு ஈக்குமா?" என்று என்னிடம் கேட்டார், நான்தான் மழையை அனுப்புகிறவள் மாதிரி. திருத்திய படத்தை அச்சடித்துப் பிளாஸ்டிக் போர்த்தினோம். சூடு ஆறமுன் சுருட்டிக்கொண்டு முச்சக்கர வண்டியில் ஏறினோம். கடைசித் துண்டு நடை. அட்டை கடித்தது, குனிந்து பார்க்கவில்லை.

மேலிருந்து பார்த்தால் ஒரு நீளப் பெட்டி. முன்னால் போய் நின்றால் பதினொரு கதவு. கதவுக்கு முன்னால் பதினொரு இஸ்தோப்புத் திண்ணையிலும் ஆட்கள். நான் மாடு அடைக்கிற வேலி என்று நினைத்தது அவர்களுடைய கீரைப் பாத்தி. கறுப்புக் குவியல், மழைக்கு மூடி வைத்த விறகு. கூரைக்குப் பின்னால் மலை, தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்கிறது போல நின்றது.

"லிஸ்டுல இல்லாமப் போனதுக்குக் காரணம் நான்தான்" என்றேன். "மாட்டுப்பட்டின்னு போட்டுட்டேன்."

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள். உண்மையாகவே சிரித்தார்கள். "சரியாத்தான் போட்டிருக்கு புள்ள, மாடு கூட இதுல நிக்காது" என்றார் கடைசிக் கதவுக்காரர். நானும் சிரிக்கப் பார்த்தேன், வாய் கோணியது.

புஷ்பம் அக்கா சிரிக்கவில்லை. "காலையில கேட்டேனே தங்கச்சி. அப்பவே தெரிஞ்சுதானே?"

"தெரிஞ்சது அக்கா."

அவர் உள்ளே போய்ப் பாயைச் சுருட்டத் தொடங்கினார். நான் ஒரு சாக்கைத் தூக்கினேன். பள்ளிக்கூடத்தில் நானா புதுப் படத்தைப் பழையதற்கு மேலே ஒட்டிவிட்டு, அங்கே பொறுப்பாக இருந்தவர்களோடு, தனக்கு நன்றாக வரும் சிங்களத்தில் அரை மணி நேரம் பேசினார். பதினொரு குடும்பத்துக்கும் இடம் கிடைத்தது.

மூன்றாம் நாள் காலை மலை இறங்கியது. கடைசி நான்கு காம்பரா அறைகளுக்குள்ளும் சேறு கூரைவரை நிறைந்தது. அதில் ஒன்று புஷ்பம் அக்காவுடையது. கோழிகள் போயின. ஆள் ஒருவருக்கும் ஒன்றுமில்லை.

செய்தி வந்தபோது நான் கதிரையில்தான் இருந்தேன். எழும்ப முடியவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ வேலைகள். நானா கடையை மூடிவிட்டு மகளோடு போய் இருக்கிறார். அந்த மேல்மாடியில் இப்போது போன் கவர் விற்கிறார்கள். ஆளுக்கொரு படம் சட்டைப்பையில் இருக்கும்போது பிளொட்டர் யாருக்கு வேண்டும்?

லயக்காரர்களுக்குப் பிறகு வேறிடத்தில் தனித்தனி வீடு கிடைத்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் போனேன். புஷ்பம் அக்கா, "வாங்க, மாட்டுப்பட்டித் தங்கச்சி" என்று சத்தமாக வரவேற்று, அடுத்த வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். தேத்தண்ணி ஊற்றினார். வீடு நல்ல வீடு. சொந்தக் கதவு, சொந்தப் பூட்டு.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. பக்கத்து வீட்டுல யாரு இருமுறாங்கன்னுதான் தெரியல" என்றார். பிறகு தானாகவே பழைய லயத்தைச் சொல்லத் தொடங்கினார். முதலாம் காம்பராவில் யார், அவருக்கு முன்னால் யார், எந்தச் சுவரில் தட்டினால் உப்பு வரும், எந்தச் சுவரில் தட்டினால் சண்டை வரும். நான்காவதில் பிறந்த பிள்ளைகள், ஏழாவதிலிருந்து கொழும்புக்குப் போனவள். கதவு கதவாக வந்துகொண்டிருந்தார்.

எட்டாவது கதவில் நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். மழை இருட்டுகிறது, இன்னொரு நாளைக்கு வருகிறேன் என்று எழுந்துவிட்டேன்.

போன மாசியில் அவர் காலமாகிவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். செய்மதிப் படத்தில் அந்த இடத்தைத் தேடிப் பார்த்தேன். பச்சையாக இருக்கிறது, கூரை இருந்த தடமே இல்லை. ஒன்பதாவதிலும் பத்தாவதிலும் யார் இருந்தார்கள் என்று இனி யாரிடம் கேட்பேன்?