சின்ன எல்லும் ஒன்றும்

ஹட்டன் டவுனில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில்தான் நாங்கள் கம்ப்யூட்டர் படித்தோம். பிள்ளைகள் அதிகம், மெஷின்கள் குறைவு. அதனால் ஒரு மெஷினுக்கு இரண்டு பேர். நானும் அவளும் அப்படித்தான் பக்கத்தில் பக்கத்தில் வந்து சேர்ந்தோம்.

என் வீடு டவுனிலேயே இருந்தது. அவள் பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தோட்டத்திலிருந்து வருவாள். பஸ்ஸில் நின்றபடியே வந்து, வளைவுகளில் ஆடிக் களைத்து, வகுப்புக்குள் நுழைந்ததும் கொஞ்ச நேரம் மேசையில் தலை வைத்துக் கிடப்பாள். எழுந்து அடிக்கத் தொடங்கினால் மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எங்களுக்கெல்லாம் இரண்டு விரல்தான். அவளுக்குப் பத்து விரலும் ஓடும், விசைகளைப் பார்க்கவே மாட்டாள். சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு அவளுடைய அப்பா அவளைப் பழைய தட்டச்சு மெஷின்கள் வைத்திருந்த ஒரு டைப்பிங் வகுப்பில் சேர்த்திருந்தார். தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்தவர் அவர். மகள் தோட்டத்து ஒப்பீசில் கிளார்க்காக உட்கார வேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்த இடம் வேறு யாருக்கோ போயிற்று. டைப்பிங் மட்டும் அவள் விரல்களில் தங்கிவிட்டது.

முதலில் எங்களுக்குச் சும்மா கடிதம் அடிக்கவும் அட்டவணை போடவும் சொல்லிக் கொடுத்தார்கள். அதிலெல்லாம் அவள்தான் முதல். பிறகு புரோகிராம் எழுதும் பாடம் வந்தது. அதிலும் கணக்கை அவள்தான் முதலில் பிடிப்பாள். எதற்குப் பிறகு எது வரவேண்டும் என்று தாளில் கோடு போட்டுக் காட்டுவாள், எனக்கு அப்போதுதான் விளங்கும். ஆனால் அதையே மெஷினில் அடித்தால் சில நாள் ஓடும், சில நாள் ஓடாது. ஓடாத நாட்களில் திரையில் ஒரே குற்றச்சாட்டுத்தான் வரும். ‘1’ என்று ஏதோ எழுதியிருக்கிறாய், அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை என்று மெஷின் சொல்லும்.

“ஒன்னு தெரியாத கம்ப்யூட்டரா?” என்று அவள் என்னைப் பார்த்துச் சிரிப்பாள்.

பாடம் எடுத்த சேர் வந்து குனிந்து பார்ப்பார். அவரும் எங்களைவிட நாலைந்து வயது மூத்தவராகத்தான் இருப்பார். கண்டியில் படித்துவிட்டு வந்தவர், நல்லவர். அவர் கண்ணுக்கும் பிழை தெரியாது. அந்த வரியை அழித்துவிட்டு அவரே திரும்ப அடிப்பார். உடனே ஓடும்.

“பாத்தீங்களா? நான் அடிச்சா ஓடுது. நீங்க எங்கயோ கவனம் விட்டுர்றீங்கம்மா.”

“அதையேதாங்க சேர் நானும் அடிச்சேன்.”

“அதையே அடிச்சா ஏன் ஓடாமப் போகுது?”

கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. கெட்டிக்காரி, ஆனால் கவனம் போதாது. அவளும் அதை நம்பத் தொடங்கினாள். ஒரு வரி அடித்துவிட்டு அதையே மூன்று நான்கு தடவை வாசிப்பாள். வாசித்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். நிதானமாக, விசையைத் தேடித் தேடி அடித்த நாட்களில் பிழை வராது. அவசரப்பட்டால் வந்துவிடும். அதனால் பிழை அவசரத்தில்தான் இருக்கிறது என்று நாங்கள் எல்லோரும் முடிவு செய்துகொண்டோம்.

பாடம் முடிந்த பிறகு கண்டியில் ஒரு கம்பனி ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு இரண்டு பேரும் விண்ணப்பித்தோம். பரீட்சைக்கு வரச் சொன்னார்கள். ஹட்டன் ஸ்டேஷனில் காலை ரயில் ஏறினோம். அவள் அக்காவின் சுடிதாரைப் போட்டிருந்தாள், தோள் கொஞ்சம் தொய்ந்திருந்தது. வழியெல்லாம் வேலை கிடைத்தால் எங்கே தங்குவது என்றுதான் பேச்சு. ஒரே ரூம் எடுப்போம், சோறு அவள் ஆக்குவாள், கறி நான் வைப்பேன் என்று பேசி முடித்திருந்தோம்.

பரீட்சையில் ஒரு புரோகிராம் எழுதி ஓட்டிக் காட்ட வேண்டும். அவள் என் முன் வரிசையில் இருந்தாள். நான் பாதி எழுதுவதற்குள் அவள் விசைச் சத்தம் நின்றுவிட்டது. முடித்துவிட்டாள் என்று நினைத்தேன். தலையை நீட்டிப் பார்த்தபோது அவள் திரைக்கு மிகக் கிட்டே முகத்தை வைத்து, ஒவ்வொரு வரியாக விரலால் தொட்டுக்கொண்டே போவது தெரிந்தது. அப்படியே தொட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் பரீட்சைக்குப் பொறுப்பாக நின்ற அம்மா அவள் பக்கத்தில் வந்து, “ஹரி நங்கி, இவரயி” என்றார் சிங்களத்தில். சரி தங்கச்சி, முடிஞ்சுது. அவர் அதை மெதுவாகத்தான் சொன்னார்.

எனக்கு வேலை கிடைத்தது, அவளுக்கு இல்லை.

திரும்பி வரும் ரயிலிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. “எனக்கு இது ஒத்து வராது டீ. மூளைக்கு வருது, கைக்கு வரல” என்றாள். அடுத்த வருடம் இன்னொரு பரீட்சைக்கு நான் கூப்பிட்டபோது வரமாட்டேன் என்றுவிட்டாள். அதற்குள் பொண்ணு கேட்டு வந்திருந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அதே தோட்டத்துப் பக்கத்திலேயே முன்பள்ளியில் டீச்சராகச் சேர்ந்தாள்.

நான் கண்டியிலும் பிறகு கொழும்பிலும் வேலை பார்த்தேன். கொரோனா வந்த பிறகு வீட்டிலிருந்தே வேலை என்றாகி, லெப்டொப்போடு ஹட்டனுக்கே திரும்பி வந்தேன். அந்தக் காலத்தில்தான் கம்பனியில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், “ஏன் இன்னும் இந்தப் பழைய எழுத்துருவில் எழுதுகிறீர்கள்?” என்று கேட்டு எனக்கு வேறொன்று அனுப்பி வைத்தார். புரோகிராம் எழுதும் எழுத்துருக்களில் எல்லா எழுத்தும் ஒரே அகலம். ஒல்லியான எழுத்தும் குண்டான எழுத்தும் ஒரே அளவு இடத்தை அடைக்க வேண்டும். அதற்காக ஆங்கிலத்துச் சின்ன எல்லுக்கு மேலே ஒரு கொக்கியும் கீழே ஒரு அடிக்கட்டையும் வைத்துவிடுவார்கள். வைத்தால் அது ‘1’ என்ற எண்ணைப் போலவே ஆகிவிடும். பெரிய ஓவும் பூச்சியமும் அப்படித்தான். புதிய எழுத்துருவில் பூச்சியத்துக்கு நடுவில் ஒரு புள்ளி இருந்தது. எல்லின் கால் வால் போல வலப்பக்கம் வளைந்திருந்தது. கண்ணுக்குச் சுகமாக இருக்கிறதே என்று மட்டும்தான் அப்போது நினைத்தேன்.

ஒரு பள்ளி விடுமுறையில் அவளைப் பார்க்கப் போனேன். போன இடத்திலும் வேலை விடவில்லை, அவளுடைய சாப்பாட்டு மேசையில் லெப்டொப்பைத் திறந்து வைத்தேன். அவள் பிளேன்டீயோடு வந்து தோளுக்குப் பின்னால் நின்றாள்.

“இன்னும் அதே மாதிரிதான் எழுதுறியா?”

“அதே மாதிரிதான். அடிச்சுப் பாரேன்.”

“ஐயோ, எனக்கு எதுக்கு” என்றாள். ஆனாலும் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கண்டியில் கேட்ட அதே கேள்வி அவளுக்கு மறக்கவில்லை. எழுதிய பதிலும் மறக்கவில்லை. விரல்கள் முதலில் தடுமாறின, பிறகு பழைய வேகம் வந்துவிட்டது. பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஓட்டினாள். பிழை.

“பாத்தியா? இன்னும் அப்படியேதான் இருக்கேன்” என்று எழப் போனவள் திரும்பவும் உட்கார்ந்தாள். திரையைப் பார்த்தபடி இருந்தாள்.

“இதென்ன டீ, இந்த இடத்துல எல் கெடக்கு? நான் ஒன்னுதானே அடிச்சேன்?”

நான் பார்த்தேன். ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் வால் வளைந்த எல் இருந்தது. ஒரு இடத்தில் இல்லை, அவள் வேகமாக அடித்த இடங்களிலெல்லாம்.

அவள் வலது கையைத் தூக்கி, எல்லை அடிக்கும் மோதிர விரலைப் பார்த்தாள்.

“டைப்பிங் மெஷின்ல ஒன்னு கெடையாது டீ” என்றாள். “ஒன்னுக்குத் தனியா விசையே இருக்காது. எல்லைத்தான் அடிக்கணும். அப்படித்தான் எங்களுக்குப் பழக்குனாங்க.”

அவள் பிழைகளைத் திருத்தினாள். ஓட்டினாள். ஓடியது. விடையும் சரி.

அந்த நேரம் அவளுடைய வீட்டுக்காரர் மரக்கறிப் பையோடு உள்ளே வந்தார். அமைதியான மனிதர், தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி ஓட்டுகிறவர். என்ன விசயம் என்று கேட்டார். அவளே சொன்னாள், சுருக்கமாக.

“அப்ப நீ ஃபெயில் இல்லையா?” என்றார் அவர்.

“ஃபெயில்தான். காரணம்தான் வேற.”

சொல்லிவிட்டு அந்தப் பையை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். நான் பின்னால் போனேன். கரட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அழவில்லை. ஒரே கரட்டைத் திரும்பத் திரும்பக் கழுவினாள்.

வீடு திரும்பிய பிறகு எங்கள் கம்பனியில் பேசிப் பார்த்தேன். இப்போது பட்டம் இல்லாமல் ஆள் எடுப்பதில்லை என்றார்கள். எனக்கு வேலை கொடுத்த காலத்தில் அந்தக் கட்டுப்பாடு இருக்கவில்லை. அதை அவளிடம் சொன்னபோது, “விடு, இப்ப எடுத்தாலும் பிள்ளைங்கள விட்டுட்டு எங்க வர்றது” என்றாள். குரலில் கோபம் எதுவும் இல்லை.

அன்று லெப்டொப்பைத் திறக்காமல் இருந்திருந்தால் என்று நான் பல தடவை நினைத்திருக்கிறேன். ஒருநாள் ஃபோனில் அதைக் கேட்டேவிட்டேன்.

“தெரிஞ்சது நல்லதுதான்” என்றாள். “ஆனா நமக்கு வராதுன்னு நெனச்சிட்டு இருந்தப்ப மனசு சும்மா கெடந்துச்சு. இப்ப சும்மா இருக்க மாட்டேங்குது. பிள்ளைங்களுக்கு அனா ஆவன்னா எழுதிக் காட்டுறேன், பாதியில மனசு அந்தப் பரீட்சைக்குப் போயிடுது. அந்த அம்மா வந்து ‘இவரயி’ன்னு சொன்னாங்கல்ல, அதுக்கு முந்தி இன்னும் ஒரு தடவை நிதானமா அடிச்சிருக்கலாமோன்னு.”

அவள் பக்கத்தில் மழைச் சத்தம் கேட்டது. கொடியில் துணி கிடக்கிறது, எடுக்கணும் என்று சொல்லி அவள் ஃபோனை வைத்தாள்.