சேதி காதில் விழாத வரைக்கும்

எங்க ஊர்ல யாரும் என்னை டூர் பிளான் போடச் சொல்லல. நானாத்தான் போட்டேன். தையல் மெஷின்ல உக்காந்து அடுத்தவங்களுக்கு அளவெடுத்து அளவெடுத்து, ஒலகத்தையே வெட்டித் தைச்சுடலாம்னு ஒரு திமிர் எனக்கு. கடை உத்திரமேரூர் பஜார்ல, வீடு காவாந்தண்டலத்துல. இந்த ரெண்டுக்கும் நடுவுல பஸ்ல போய் வர்றதுதான் நான் பண்ணின தேச சஞ்சாரம்.

இதுல வெக்கக்கேடு என்னன்னா, உத்திரமேரூர்ல சுவர் பூரா கல்வெட்டு இருக்கிற கோயிலைப் பாக்க எங்கெங்கிருந்தோ பஸ் பஸ்ஸா ஜனங்க வருது. அந்தக் காலத்துல குடத்துல ஓலை போட்டு ஊருக்கு ஆள் எடுத்தாங்களே, அந்தக் கல்வெட்டு. வர்றவங்க என் கடை வாசல்ல நின்னு வழி கேப்பாங்க. நானும் வழியச் சொல்லி, கூடவே ஓசியில கொஞ்சம் சோழர் சரித்திரமும் சொல்லி அனுப்புவேன். ஒருநாள் ஒரு அம்மா, "நீங்க அடிக்கடி உள்ள போவீங்க இல்ல?"ன்னு கேட்டுட்டாங்க. ஸ்கூல்ல டீச்சர் வரிசையா கூட்டிக்கிட்டுப் போனதோட சரி. காஞ்சிபுரத்துக்கு நாங்க போறதும் ஒன்னு புடவை எடுக்க, இல்ல ஆஸ்பத்திரிக்கு. கோயிலுங்க வழியில இருக்கும், நாங்க பஸ்ஸுல இருந்தே கன்னத்துல போட்டுக்குவோம்.

ஆனா தஞ்சாவூர் பெரிய கோயில் கதை வேற. கல்யாணம் ஆகி வந்தப்ப இந்த வீட்டு சமையக்கட்டுல அந்தக் கோயில் படம் போட்ட காலண்டர் மாட்டியிருந்தது. அடுப்ப ஊதறப்பல்லாம் அதைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். அவ்ளோ பெருசா ஒன்னைக் கட்டணும்னு ஒருத்தருக்குத் தோணியிருக்கு பாரு, அந்தத் தைரியம் எனக்குப் பிடிச்சுப் போச்சு. "ஒரு தடவை போவணும்"னு சொன்னா எங்க வீட்டுக்காரர், "அது எங்க ஓடிடப் போவுது? ஆயிரம் வருசமா அங்கதான கீது"ன்னுவார். கோயில் தேயாதுதான். என் முட்டி தேயுதே! டாக்டர் போட்டோ எடுத்துப் பாத்துட்டு, இனிமே படி ஏறறதை எல்லாம் கொறைச்சுக்கோங்கன்னு சொன்னதுக்கு அப்புறம்தான் எனக்கு நிஜமாவே பயம் வந்தது. இப்ப பாக்கலன்னா எப்பவும் இல்ல.

போக நெனைக்காம ஒன்னும் இல்ல, கெளம்பிக் கெளம்பிக் கெட்டது. எங்க தெருவுல ஒரு கல்லை எடுத்து வீசினா அது ஏதாவது ஒரு பங்காளி தலையிலதான் விழும். பங்காளி வீட்டுல சாவுன்னா காரியம் முடியற வரைக்கும் கோயில் படி மிதிக்கக் கூடாது. மொத தடவை வேன் பேசிட்டு வந்து செருப்பைக் கழட்டறேன், கோடி வீட்டுல ஒரு தாத்தா போய்ட்டார்னு பறை சத்தம் கேக்குது. அடுத்த தடவை யாரும் சாகல. அதுக்குப் பதிலா ஒரு பங்காளி வீட்டுல ரெட்டைப் புள்ள பொறந்தது. பொறந்தாலும் தீட்டுதான். ஊரே சர்க்கரையை வாயில போட்டுக்கிட்டுச் சிரிக்குது, நான் மட்டும் எழவு வீட்டு மூஞ்சியோட அந்த ரெண்டு பச்சை மண்ணையும் மொறைச்சுக்கிட்டு நின்னேன். "ஒரு வாரம் பொறுத்து வந்திருக்கக் கூடாதாடா?"ன்னு வாய்விட்டே கேட்டுட்டேன். அந்தப் பசங்களோட அம்மா இன்னிக்கு வரைக்கும் எங்கிட்ட ஜாக்கெட் தைக்கக் குடுக்கறதில்ல.

இந்த மார்கழியில விடக் கூடாதுன்னு முடிவு பண்ணினேன். மார்கழியில கல்யாணம் கிடையாது, கடையில ஈ ஓட்டலாம். தை பொறந்தா தலைக்கு மேல வேலை. ஆனா மார்கழியில வேன் கெடைக்கறது குதிரைக்கொம்பு, எல்லாம் சபரிமலைக்கு மாலை போட்டவங்க கையில. எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி ஒரு வேன் பிடிச்சேன். "தேதி மாத்தினா வண்டி கெடையாதுக்கா"ன்னு டிரைவர் கறாரா சொல்லிட்டார். நானும் எங்க வீட்டுக்காரரும், தெருவுல இருக்கிற பங்காளி வீட்டுப் பொம்பளைங்களும். சிதம்பரம், வைத்தீஸ்வரன்கோயில், கும்பகோணம், தஞ்சாவூர், மதுரை, ராமேஸ்வரம்.

பிளான் போட்டேன் பாருங்க, கலெக்டர் ஆபீஸ்ல கூட அப்படிப் போட மாட்டாங்க. எந்தக் கோயில் எப்ப நடை தெறக்கும், எப்ப சாத்தும், எல்லாம் போன்ல பாத்து, ஒரே காலையில அஞ்சு கோயில் வெச்சேன். எங்க வீட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் பொறுமையா பாத்தார். "எல்லாம் சரிம்மே. ஒன்னுக்குப் போக எங்க நிறுத்தப் போற?"ன்னார். அதை நான் எழுதவே இல்ல. சாப்பாட்டையும் எழுதல. என் கணக்குப்படி சிதம்பரத்துல கும்பிட்டுக்கிட்டே வைத்தீஸ்வரன்கோயில்ல செருப்பைக் கழட்டணும்.

இந்த நேரம் பாத்துத்தான் பெரிய மாமா படுத்தார்.

பெரிய மாமான்னா எங்க மாமனாரோட அண்ணன். ரெண்டு வீடு தள்ளி மகன் மருமகளோட இருந்தார். எம்பது தாண்டின ஆளு. நான் பஜார்ல கடை போட்டப்ப, "பொம்பளைக்கு இன்னாத்துக்கு பஜார்ல கடை?"ன்னு தெருவே கேக்கக் கத்தினவர். நானும் பதிலுக்குக் கத்தினேன். அதோட அந்த வீட்டுக்கு நல்லது கெட்டதுன்னா மட்டும்தான் போறது. அவருக்குக் காய்ச்சல் வந்து சாப்பாடு எறங்கல. பாத்துட்டு வந்தவங்க எல்லாம் "ஒரு வாரம் தாங்காது"ன்னு உதட்டைப் பிதுக்கினாங்க. ஐயோ பாவம் மனுஷன்னா நெனைச்சேன்? ஐயோ என் வேன்னு நெனைச்சேன்.

சரி, எமனா நானான்னு பாத்துடலாம்னு கெளம்பிட்டேன். காலையில கஞ்சி, மத்தியானம் மிளகு ரசம், சாயங்காலம் இட்லி. கடையைச் சீக்கிரம் சாத்திட்டு ஓடுவேன். அவரோட மருமக, எனக்கு ஓரகத்தி முறை, வேலைக்குப் போய்ட்டு வந்து அலுத்துப் போயிருப்பா. என்னைப் பாத்ததும் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுவா. "கூடப் பொறந்தவ கூட இப்டி செய்ய மாட்டாக்கா." தெருவுல என் பேர் கொடி கட்டிப் பறக்குது. "வாய் நீளமே தவிர மனசு தங்கம்"னு பேசிக்கறாங்களாம். தங்கமாவது தகரமாவது! ஆனா சொன்னா யாருக்குத்தான் இனிக்காது? நானும் தலையக் குனிஞ்சுக்கிட்டு, "நம்ம கடமைதானே"ன்னு ஒரு போடு போட்டுக்கிட்டு நடந்தேன்.

மாமாவுக்குக் காய்ச்சல்தான் கொறைஞ்சதே ஒழிய வாய் கொறையல. "இன்னாம்மா இது, ரசமா, கை கழுவின தண்ணியா?" நானும் விடறதில்ல. "குடிக்கற வாய்க்கு ருசி போச்சு, ரசத்து மேல இன்னாத்துக்குப் பழி?"ம்பேன். ஊட்டற நேரத்துல சும்மா இருக்க முடியாம என் டூர் பிளானைச் சொல்ல ஆரம்பிச்சேன். வீட்டுல அந்தப் பேச்சை எடுத்தாலே எங்க வீட்டுக்காரர் மாட்டைப் பாக்கப் போயிடுவார். எழுந்து ஓட முடியாத ஒரே ஆள் இவர்தான். ஆனா மனுஷன் கேட்டார். சிதம்பரத்துல கூட்டம் இருக்குமா, கும்பகோணத்துல எங்க தங்கறீங்க, தஞ்சாவூர்ல நாஷ்டாவுக்கு இன்னா கெடைக்கும்னு நோண்டி நோண்டிக் கேட்டார். மறுநாள் போனா, "நேத்து எங்க வுட்ட? வைத்தீஸ்வரன்கோயில்ல இருந்து ஆரம்பி"ம்பார். கடையில ஊசி கோக்கறப்ப எல்லாம், இன்னிக்கு மாமாகிட்ட எதைச் சொல்லலாம்னு யோசிச்சுக்கிட்டு இருப்பேன்.

கெளம்பறதுக்கு முந்தின நாள் சுவத்துல சாஞ்சு உக்காந்து இட்லி தின்னார். நான்தான் உசுரு குடுத்தவ மாதிரி பெருமையா பாத்துக்கிட்டு இருக்கேன். சாவகாசமா மென்னுக்கிட்டே கேட்டார்: "நான் செத்தா வேன் போயிடும்னுதானே சோறு ஊட்டற?"

கையில இருந்த இட்லி கையிலயே நின்னது. அவர் சிரிக்க ஆரம்பிச்சு, சிரிப்பு இருமலாகி, தண்ணி குடுத்து முதுகைத் தடவிவிட வேண்டியதாப் போச்சு.

"கோச்சிக்கலம்மா. எதுக்கோ ஒன்னுக்கு நான் உசுரோட கீணும்னு நெனைக்க ஒரு ஆளாவது கீதே"ன்னார். அப்புறம் கொரலை எறக்கிச் சொன்னார்: "சேதி காதுல வுழுந்தாத்தான் தீட்டு. வுழாத வரைக்கும் ஒன்னும் கெடையாது, எங்க நைனா காலத்துலருந்து அதான் பேச்சு. எனக்கு எது ஆனாலும் நீங்க ராமேஸ்வரம் பாத்துட்டுத் திரும்பற வரைக்கும் ஒருத்தரும் போன் பண்ணக் கூடாதுன்னு வூட்ல சத்தியம் வாங்கிட்டேன். பேஜார் பண்ணிக்காத, போய்ட்டு வா."

எனக்குச் சுருக்குனு தெச்சது. "கஞ்சிக்கு உப்பு கம்மியா போடச் சொல்லியிருக்கேன், சண்டை போடாம குடிங்க"ன்னு அதட்டிட்டு ஓடி வந்துட்டேன்.

வேன் கெளம்பினது. திண்டிவனம் தாண்டறதுக்குள்ளயே என் பிளான் கிழிஞ்சது. ஒரு அக்காவுக்கு வாந்தி, இன்னொரு அக்காவுக்கு டீ, எல்லாருக்கும் ஒன்னுக்கு. நாங்க போய் நிக்கறப்ப சிதம்பரத்துல நடை சாத்தியிருந்தது. தெறக்கற வரைக்கும் மண்டபத்து நெழல்ல எல்லாரும் புளிசோறு தின்னுட்டு என்னைக் கிண்டல் பண்ணிக்கிட்டு இருந்தாங்க. "கலெக்டரம்மா, இந்தக் கோயிலுக்கு எத்தினி நிமிசம்?" நானும் சிரிச்சேன். வேற வழி?

மறுநாள் காலையில தஞ்சாவூர். வேன்ல இருந்து எறங்கி நிமிந்து பாத்தேன். காலண்டர்ல பாத்ததெல்லாம் ஒன்னுமே இல்ல! எல்லாரும் வாசலைப் பாத்து முன்னால நடந்தாங்க. நான் முட்டியைப் பிடிச்சுக்கிட்டு, செருப்பு விடற எடத்துல கடைசியா நின்னேன். இடுப்புல போன் அடிச்சது. எடுத்துப் பாத்தா ஓரகத்தி நம்பர்.

எடுக்கக் கை வரல. சேதி இல்லன்னா தீட்டு இல்ல. மாமாவே சொல்லிட்டார், எனக்காகவே சொன்னது. பத்து எட்டு வெச்சா வாசல். உள்ள போய்ப் பாத்துட்டு வந்து எடுத்தா என்ன கெட்டுப் போச்சு? அடிச்சு நின்னது. செருப்பைக் கழட்டினேன். மறுபடியும் அடிச்சது. சத்தியத்தை மீறி ஒருத்தி கூப்பிடறான்னா அங்க எப்படி நின்னுக்கிட்டு இருப்பா? எடுத்துட்டேன்.

"அக்கா, மாமா போய்ட்டாருக்கா." அழுகையில பாதிதான் புரிஞ்சது. கஞ்சி குடிச்சாராம், அப்படியே சாஞ்சாராம். "உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாரு. பெத்த பொண்ணாட்டம் பாத்துக்கின உன்கிட்ட சொல்லாம நான் யார்கிட்டக்கா சொல்லுவேன்?"

"வேற யாருக்காவது போன் பண்ணினியா?"

"இல்லக்கா. உனக்குத்தான் மொதல்ல."

"யாருக்கும் பண்ணாத. நானே சொல்லிக்கறேன்."

"ஐஸ் பெட்டி வந்துடுச்சுக்கா. நாளைக்குத்தான் எடுக்கறாங்க. மெதுவா வா"ன்னா.

போனை இடுப்புல சொருகறப்ப எங்க வீட்டுக்காரர் வாசல்ல இருந்து திரும்பி வந்தார். "இன்னாமே, யாரு போன்ல?"

"கடைக்கு வர்ற பொம்பள. ஜாக்கெட் கேக்கறா. எனக்கு முட்டி சுத்தமா முடியல, நீங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போய்ட்டு வாங்க."

"இன்னா வெளையாடறியா? இதுக்குத்தானே இத்தினி வருசமா உசுர எடுத்த!"

"போங்கன்னு சொல்றேன்ல!" கத்தின கத்துல பூக்காரம்மா திரும்பிப் பாத்தாங்க. என் கோவம் ஊருக்கே தெரிஞ்சதுதானே, யாருக்கும் சந்தேகம் வரல. மொணமொணன்னுக்கிட்டே உள்ள போனார். அந்தப் பொம்பளைங்களும் பாவம், கோயில் கொளத்தையே பாக்காதவங்க. சொல்லிட்டா அத்தனை பேரும் அப்படியே வேனுக்குத் திரும்பணும். என் ஒருத்திக்குத் தெரிஞ்சா தீட்டு என் ஒருத்தியோட நிக்கும். இதுல பாவம் ஏதாவது இருந்தா அதுவும் எங்கிட்டயே இருக்கட்டும்.

செருப்புங்க பக்கத்துல உக்காந்தேன். மதுரை, ராமேஸ்வரம் எல்லாம் அங்கயே முடிஞ்சது. வெளியில இருந்தும் கோபுரம் நல்லாத்தான் தெரிஞ்சது. கொஞ்ச நேரம் பாத்தேன், அப்புறம் கண்ணு மறைச்சுடுச்சு. கோயில் போச்சேன்னுதான் அழறேன்னு நெனைச்சேன். இல்ல, அந்தக் கெழவருக்காகத்தான் அழுதேன். போற வர்ற ஜனங்க எல்லாம் பாக்க, முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டு அழுதேன்.

மூஞ்சியைத் தொடைச்சு முடிக்கறதுக்குள்ள எங்க வீட்டுக்காரர் வந்துட்டார். மத்தவங்க இன்னும் உள்ள நந்திகிட்ட நிக்கறாங்களாம், இவர் மட்டும் எனக்காகச் சீக்கிரம் வந்திருக்கார். உள்ளங்கையில விபூதி. "இந்தா, நீ வரலன்னா இன்னா, சாமி உன்கிட்ட வந்துடுச்சு"ன்னு சிரிச்சுக்கிட்டே என் நெத்தியில வைக்கக் குனிஞ்சார்.

தலையைப் பின்னால இழுத்துக்கிட்டேன்.

அவர் கை அப்படியே நின்னது. என் மூஞ்சியைப் பாத்தார். விபூதியைப் பாத்தார்.

"எப்போ?"ன்னு கேட்டார்.